இரண்டு வேலை பார்த்த சொல்

கிரிச். அப்புறம் ஒரு டக்.

ஸ்பிரிங் இழுபட்டு உள்ளே எங்கோ போய் மாட்டிக்கொள்ளும் சத்தம். போன வாரம் பாசார் மாலாம் இரவுச் சந்தையில், கச்சான் கடலை வறுக்கும் வாசனைக்கும் கேசட் கடைப் பாட்டுக்கும் நடுவில், அந்தச் சத்தம் வந்து என் பிடரியில் உட்கார்ந்தது.

திரும்பினேன். பிளாஸ்டிக் துப்பாக்கி. மஞ்சள் மணிகளைச் சுடுகிற விளையாட்டுச் சாமான். கடைக்காரத் தம்பி ஒன்றை இழுத்துப் பூட்டி, கூட்டத்தின் தலைகளுக்கு மேலே ஆட்டிக் காட்டிக்கொண்டிருந்தான்.

"கண்ணுல பட்டா?" என்று ஒரு அம்மாள் கேட்டார்.

"பிளாஸ்டிக்தானே லா, அக்கா. வெறும் காத்து."

வெறும் காத்து. நான் அப்படியே நின்றுவிட்டேன். மனைவி முழங்கையால் இடித்தாள்.

"என்னா, வாங்கப் போறீங்களா?"

"இல்ல."

"அப்ப நகருங்க. பின்னால தள்ளுறாங்க."

நகர்ந்தேன். கால்தான் நகர்ந்தது.

வாய் பத்மாவுடையது

எழுபதுகளின் பிற்பகுதி. கடலோரத் திடலில் ஃபன்ஃபேர் போடுவார்கள். ராட்டினம், ஐஸ் கச்சாங், உலர்ந்த சோத்தோங் கணவாய் வாட்டும் புகை, கடல் காற்றில் படபடக்கும் கூடாரத் துணி. அந்த வரிசையின் கோடியில், ஜெனரேட்டர் லாரியை ஒட்டினாற்போல், காற்றுத் துப்பாக்கி ஸ்டால் ஒன்று இருந்தது.

பெர்மிட் பத்மாவின் அப்பா பேரில். அவருக்கு மூச்சுத் திணறல். பின்னால் சாய்வு நாற்காலியில் படுத்திருப்பார். ஸ்டாலை நடத்தும் வாய் பத்மாவுடையது.

என் அண்ணன் சிவா பகலில் துறைமுகக் கிடங்கில் மூட்டை கணக்குப் பார்ப்பான். நான் அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோத்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் ஆனால் சுங்கை பினாங் வீட்டில் குளித்துவிட்டு, ஒரே சைக்கிளில் இரண்டு பேரும் திடலுக்குப் போவோம். அண்ணன் இலக்குகளை அடுக்குவான். நான் ஈயக் குண்டு எடுத்துக் கொடுப்பேன். பாட்டரி தீர்ந்த ரேடியோ மாதிரி நடுநடுவே காணாமலும் போய்விடுவேன். உட்கார்ந்த இடத்தில் உட்காராத பிறவி நான். கடலைப் பார்க்கப் போய்விடுவேன்.

அண்ணனுக்கும் பத்மாவுக்கும் தை மாதம் கல்யாணம் என்று பேசி முடித்திருந்தார்கள். அந்தக் கல்யாணத்தைப் பற்றித்தான் இந்த வாரம் எழுத உட்கார்ந்தேன். துப்பாக்கியைத் தொடாமல் அதை எடுக்க முடியவில்லை.

மடக்கினது தூங்குது

ஸ்டாலில் இருந்த துப்பாக்கிகள் நடுவில் மடங்கும் ரகம். குழலைப் பிடித்துக் கீழே மடக்கினால் உள்ளே ஸ்பிரிங் ஏறும். ஒரு குண்டை வைத்து நிமிர்த்தினால் தயார். மடங்கிக் கிடக்கும்வரை சுடாது. தூரத்தில் இருந்து பார்த்தாலே தெரியும்.

"மடக்கினது தூங்குது, நீட்டினது முழிச்சிருக்கு," என்பாள் பத்மா. "முழிச்சிருக்கிறதுகிட்ட வெளாட வேணாம்."

வருகிறவர்களை அவள் விரட்டிய விரட்டு இன்னும் காதில் இருக்கிறது.

"அண்ணே, வெரல வெளிய எடுங்க. குறி வச்சப்புறம் உள்ள போடலாம். இப்பவே என்னா அவசரம், பஸ்ஸா போயிடும்?"

"பாஸ், என்கிட்டப் பேசணும்னா மொகத்தத் திருப்புங்க, துப்பாக்கியத் திருப்பாதீங்க."

ஒருநாள் ஒருவர், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, இதே வார்த்தையைச் சொன்னார்: "வெறும் காத்துதானேம்மா."

"லாரி டயர் வெடிச்சா என்னாண்ணே வருது? பன்னீரா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டுத் துப்பாக்கியை ஒழுங்காக இலக்குப் பக்கம் திருப்பினார். அதுதான் பத்மா. சிரிக்கவைத்தே கையைக் கட்டிவிடுவாள்.

ஸ்டால் இப்படி இருக்கும். முன்னால் ஒரு நீட்டுப் பலகை, அதன்மேல் துப்பாக்கிகள். எதிர்க்கோடியில் சாக்குத் திரை. அதற்கு முன்னால், நம்பர் எழுதிய தகர வாத்துகள். திரைக்குப் பக்கவாட்டில் ஒரு கனமான தடுப்புப் பலகை. அண்ணன் அதற்குப் பின்னால் நிற்பான். அங்கிருந்து அவனுக்கு முன்பக்கம் தெரியாது. முன்பக்கத்தில் இருப்பவர்களுக்கு அவனைத் தெரியாது.

எல்லாரும் சுட்டு முடித்ததும், பத்மா ஒவ்வொரு துப்பாக்கியையும் தன் கையாலேயே மடக்கி வைப்பாள். பிறகு தொண்டையைத் திறந்து ஒரே ஒரு சொல்:

"கோசோங்!"

காலி. அதைக் கேட்டால்தான் அண்ணன் வெளியே வந்து விழுந்த வாத்துகளை நிமிர்த்துவான். கேட்காவிட்டால் வரமாட்டான். ஒரு தடவைகூடப் பிசகியதில்லை.

ரொட்டி, டெலிபோன், வீடு

கொஞ்சம் விலகிப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தச் சொல்லை விட்டுவிட்டு மேலே போக முடியாது.

நம் ஊரில் பிறந்தவனுக்கு இது மலாய்ச் சொல் என்பதே மறந்துபோயிருக்கும். ஒன்றும் வைக்காத ரொட்டி, ரொட்டி கோசோங். சீனி போடாத தேத்தண்ணி, தே ஓ கோசோங். ஆள் குடியில்லாத வீடு, ரூமா கோசோங். எங்கள் தெரு முனை மளிகைக் கடையில் ஒரு டெலிபோன் இருந்தது. அப்பா கடைக்காரரிடம் நம்பர் சொல்லும்போது நடுவில் வரும் சைபரையெல்லாம் கோசோங், கோசோங் என்றுதான் சொல்வார்.

காலிக்கும் அதுதான், சைபருக்கும் அதுதான். யாரும் குழம்பியதில்லை. ரொட்டிக் கடையில் நின்றுகொண்டு யாரும் டெலிபோன் நம்பரை நினைப்பதில்லை. எங்கே நிற்கிறோம் என்பதே அர்த்தத்தைச் சொல்லிவிடும்.

பத்மாவின் ஸ்டாலில் சைபருக்கு வேறு பெயர் இருந்தது. முட்டை. குறி தவறினால், "அண்ணனுக்கு ஒரு முட்டை!" என்று கூவுவாள். கூட்டத்திலிருந்து யாராவது, "அவிச்சதா, பொரிச்சதா?" என்பார்கள். அந்தச் சிரிப்புக்கே ஆள் சேரும். ஆக, முட்டை என்றால் சைபர், கோசோங் என்றால் காலி. யாரும் உட்கார்ந்து யோசித்து ஏற்படுத்தியதில்லை. தானாக அமைந்தது. தானாக அமைந்ததை யாரும் காவல் காப்பதில்லை.

மரியாதை

அன்றைக்கு வந்தவர் ஒரு புது மாப்பிள்ளை. சலவைச் சட்டை, பக்கத்தில் மல்லிகைப்பூ மனைவி, பின்னால் மாமனார் குடும்பம் மொத்தமும். முதல் குண்டு முட்டை. இரண்டாவதும் முட்டை. "மாப்பிள்ளைக்கு இன்னொண்ணு!" என்று பத்மா கூவ, கூட்டத்தில் ஒருவன், "அக்கா, மாமியாருக்கு ஆம்லெட் போடுங்க," என்றான். மாமனார் சிரித்துவிட்டார். மனைவியும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மாப்பிள்ளை சிரிக்கவில்லை.

"என்னாம்மா இது? ஆள வச்சு மானத்த வாங்குறியா?"

இதெல்லாம் பிறகு மற்றவர்கள் சொல்லித் தெரிந்தது. நான் அப்போது ஜெனரேட்டர் லாரிக்குப் பக்கத்தில் நின்று, கறுப்புத் தண்ணீருக்கு மேலே அக்கரைப் பட்டர்வொர்த் விளக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த இயந்திரத்தின் உறுமலில் என் மூச்சே எனக்குக் கேட்கவில்லை.

பத்மா பதறிவிட்டாள். "மன்னிச்சிடுங்கண்ணே, வெளையாட்டுக்குச் சொல்றது. இன்னொண்ணு சுடுங்க, இது என் கணக்குல."

அவர் சுட்டார். அதுவும் தவறியது. இனி முட்டை என்று சொல்லக் கூடாது. மரியாதையாக, நாலு பேர் நடுவில் கூசாமல் கேட்கக்கூடிய சொல்லாக வேண்டும். பத்மா, பழகிய தொண்டையில், பழகிய சத்தத்தில் சொன்னாள்:

"கோசோங், அண்ணே!"

அண்ணே என்பது எஞ்சின் சத்தத்தில் கரைந்திருக்கும். முதல் சொல் மட்டும் தடுப்புப் பலகைவரை போயிருக்கும்.

அண்ணன் வெளியே வந்தான்.

பக்கத்தில் ஒரு சீன இளைஞர் கன்னத்தைத் துப்பாக்கிக் கட்டையில் சாய்த்து, ஒரு கண்ணை மூடி, மூன்றாம் நம்பர் வாத்தைக் குறிவைத்திருந்தார். அவர் மேல் ஒரு பிழையும் இல்லை. சொன்னபடி இலக்குப் பக்கம் பார்த்து, சொன்னபடி குறி வைத்து, சொன்னபடி விரலை உள்ளே போட்டார்.

ஒரு சின்ன டப். அவ்வளவுதான்.

நான் ஓடி வந்தபோது அண்ணன் வாத்துகளுக்கு நடுவில் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தான். இடது கண்ணை இரண்டு கைகளாலும் பொத்தியிருந்தான். விரலிடுக்கில் பெரிதாக ரத்தம்கூட இல்லை. பத்மா பலகையைத் தாண்டிக் குதித்து வந்தாள். வருவதற்கு முன், அந்தப் பதற்றத்திலும், இருந்த துப்பாக்கி அத்தனையையும் மடக்கிப் போட்டுவிட்டுத்தான் வந்தாள் என்று பின்னால் சொன்னார்கள். அந்த இளைஞர் தரையில் குந்திக்கொண்டு, "சொரி, சொரி," என்று அழுதுகொண்டிருந்தார்.

"யாரும் அவரத் திட்டாதீங்க," என்றான் அண்ணன். முதல் வார்த்தை அதுதான்.

யார் சொன்னது?

கண் இருந்தது. பார்வை போய்விட்டது. பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் அதை மூன்று மொழியிலும் சொல்லிப் பார்த்தார். அம்மாவுக்கு எந்த மொழியிலும் ஏறவில்லை.

"அவ வாயாலதான் எம் புள்ள கண்ணு போச்சு," என்றார் அம்மா, வார்டு முழுக்கக் கேட்கும்படி. பத்மா கட்டில் காலடியில் நின்றிருந்தாள்.

"அம்மா, சத்தம் போடாத," என்றான் அண்ணன். "நான்தான் அவள அப்படிச் சொல்லச் சொன்னேன்."

"என்னாடா ஒளர்ற?"

"அந்த ஆளு கோவிச்சது பலகைக்குப் பின்னால எனக்குக் கேட்டுச்சு. முட்டைன்னு சொல்லாத பத்மா, கோசோங்னு சொல்லுன்னு நான்தான் கத்துனேன். சொன்னவனே மறந்துட்டு வெளிய வந்துட்டேன். பழக்கம். காது கேட்டுச்சு, காலு நடந்திடுச்சு. அவ என்னா பண்ணுவா?"

அம்மா அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். "சொல்லுவடா. கட்டிக்கப் போறவளாச்சே."

பத்மா அப்போதுதான் வாயைத் திறந்தாள். "நீங்க ஒண்ணும் சொல்லல. அந்த அண்ணன் மொகத்தப் பாத்து நானா மாத்துனேன்."

"சொன்னேன் பத்மா. ஒனக்குக் கேக்காம இருந்திருக்கும்."

"கேக்காத பேச்ச நான் எப்படிக் கேட்டு மாத்தியிருப்பேன்?"

"கேட்டுட்டு மறந்திருப்ப."

அவள் என் பக்கம் திரும்பினாள். "தம்பி, நீ அங்கதானே இருந்த. ஒங்கண்ணன் கத்துனது ஒனக்குக் கேட்டுச்சா?"

மூன்று முகங்கள். நாலு கண்கள், ஒரு கட்டு, கட்டுக்கு வெளியே ஒற்றைக் கண். அந்த ஒற்றைக் கண் என்னை என்ன கேட்டது என்று இன்றைக்குத் தெளிவாகத் தெரிகிறது. அன்றைக்குத் தெரியவில்லை.

"ஜெனரேட்டர் பக்கத்துல நின்னேன்க்கா," என்றேன். "எனக்கு ஒண்ணும் கேக்கல."

அது உண்மை. அச்சு அசலான உண்மை. அதை எத்தனை இரவு எடுத்து எடுத்துப் பார்த்திருக்கிறேன். கேட்டேன் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால்? அதைச் சொல்ல ஒரு மாத்திரை நேரம்கூடக் கூடுதலாக ஆகியிருக்காது. அண்ணன் சொன்னது நிஜமா, இல்லை அவளைக் காப்பாற்றுவதற்காகக் கட்டியதா என்று இந்த நிமிஷம்வரை எனக்குத் தெரியாது. அவனிடம் கேட்டதும் இல்லை. கேட்டால் சொன்னேன் என்றுதான் சொல்வான். இரண்டில் எதுவாக இருந்தாலும் அதையேதான் சொல்வான்.

பக்கத்தில் விழுந்த தண்ணீர்

ஒரு கண் போனால் உலகம் பாதியாகத் தெரியும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. உலகம் முழுசாகத்தான் தெரிகிறது, தூரம்தான் தெரிவதில்லை. அண்ணன் கூஜாவைச் சாய்ப்பான், தண்ணீர் தம்ளருக்குப் பக்கத்தில் விழும். படி இறங்கும்போது இல்லாத படியில் கால் வைப்பான். கதவு நிலை தோளில் இடிக்கும்.

பத்மா தினமும் கஞ்சி கொண்டுவருவாள். அம்மா உள்ளே வா என்றும் சொல்லமாட்டார், போ என்றும் சொல்லமாட்டார். அவள் வந்திருக்கும்போது அண்ணன் இடித்துக்கொண்டால் உடனே சிரிப்பான்.

"கவல இல்ல பத்மா. இந்தக் கதவுக்கு எம்மேல ஆச."

சிந்தினால் சிரிப்பு. தடுக்கினால் ஒரு ஜோக். கிடங்கில் இடம் மாற்றியபோது, "நல்லதாப் போச்சு, ஃபேனுக்குக் கீழ சீட்டு," என்றான். ஒருநாள்கூட முகம் சுளிக்கவில்லை. அவன் சிரிக்கச் சிரிக்க அவள் சின்னதாகிக்கொண்டே போனாள். ஊரையே சிரிக்கவைத்த வாய், "ம்" என்பதோடு நின்றுவிட்டது.

ஸ்டால் திரும்பத் திறக்கவில்லை. துப்பாக்கிகளைப் போலீஸ் எடுத்துக்கொண்டது; பத்மாவின் அப்பா பெர்மிட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஒரு மாலை என்னை வாசலில் பிடித்து நிறுத்தினாள். "தம்பி, ரெண்டு விதமா கூப்பிட்டிருக்கணும். இல்ல, கூப்பிடவே கூடாது. அவரு எட்டிப் பாத்திருக்கணும், நான் கையக் காட்டியிருக்கணும். கண்ணுக்கு ஒரு கண்ணாடி வாங்கிப் போட்டிருக்கணும். ஊருக்கெல்லாம் சொன்னேன். நமக்கு நாம ஒண்ணும் பண்ணிக்கல."

"விடுங்கக்கா. அண்ணன் ஒண்ணும் நெனைக்கல."

"அதான் தம்பி," என்றாள். கஞ்சிப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

தை வந்தது. யாரும் கல்யாணத்தை நிறுத்தவில்லை. யாரும் அதைப் பற்றிப் பேசவும் இல்லை. மாசி பிறந்தபோது பத்மா, கடலுக்கு அக்கரையில் தாசேக் கெலுகோரில் இருக்கும் தன் அக்கா வீட்டுக்குப் போகப்போவதாகச் சொல்லி அனுப்பினாள். அங்கே ஒரு தையல் கடையில் வேலை. எப்போது திரும்புவாள் என்பது அந்தச் சேதியில் இல்லை.

துறையில்

ஃபெர்ரித் துறைக்கு அண்ணனும் நானும் போனோம். அம்மாவிடம் சொல்லவில்லை. மத்தியான வெயில், டீசல், சேறு, பழுத்த வாழைப்பழம், எல்லாம் சேர்ந்த ஒரு வாசனை. பத்மா இரும்புப் பெட்டியைக் காலடியில் வைத்துக்கொண்டு நின்றாள். பெட்டியை நான் வாங்கிக்கொண்டேன்.

"சாப்பிட்டியா?" என்றான் அண்ணன்.

"ம்."

"அந்தப் பக்கம் பஸ்ஸு இருக்குமா?"

"இருக்கும்."

கப்பல் வந்து கரையில் மோதியது. வண்டிகள் இறங்க ஆரம்பித்தன. இரும்புத் தகட்டின்மேல் ஒவ்வொரு காரும் தடதடவென்று இறங்கியது. நடந்து போகிறவர்கள் கதவருகே நெருங்கினார்கள்.

"பத்மா," என்றான் அண்ணன். "நான் பொய் சொல்லல."

"நீங்க சொல்லியிருக்கலாம். சொல்லாமலும் இருந்திருக்கலாம். அது எனக்கு வேணாங்க."

"பின்ன என்னா வேணும்? சொல்லு, செய்றேன்."

அவள் அவனுடைய கறுப்புக் கண்ணாடியை நேராகப் பார்த்தாள். ஆஸ்பத்திரிக்குப் பிறகு அவனை அப்படி அவள் நேராகப் பார்த்து நான் கண்டதில்லை.

"தண்ணி சிந்துது, சிரிக்கிறீங்க. தலைய இடிச்சுக்கிறீங்க, சிரிக்கிறீங்க. அது எனக்காகச் சிரிக்கிற சிரிப்புன்னு எனக்குத் தெரியாதா? ஆயுசுக்கும் அத எதிர்ல உக்காந்து பாக்க என்னால முடியாது."

"பத்மா..."

"ஒரே ஒரு தடவ என்னத் திட்டியிருக்கலாங்க. ஏன்டி அப்படிக் கூப்பிட்டன்னு ஒரு வார்த்த. கைய ஓங்கியிருந்தாக்கூட நான் இருந்திருப்பேன்."

கதவு திறந்தது. கூட்டம் தள்ளியது. பெட்டியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். அண்ணன் கண்ணாடியைக் கழற்றினான். அவன் கழுத்து நரம்பு புடைத்தது; முகம் சிவந்தது; வாழ்க்கையில் முதல் தடவையாக அவளைத் திட்டிவிடத்தான் போகிறான் என்று நினைத்தேன். திட்டு, திட்டித் தொலை, என்று எனக்குள்ளே கத்திக்கொண்டிருந்தேன். அவளும் பலகைப் பாலத்தில் ஒரு காலை வைத்தபடி, திரும்பி, அதற்காகவே நின்றாள்.

அண்ணன் வாயைத் திறந்தான்.

"பாத்துப் போ, பத்மா."